என் கைக்கு எட்டிய சுவிட்ச்

போலியோவில் என் இரண்டு கால்களும் போனது சின்ன வயதில். வீட்டுக்குள் கையை ஊன்றி, தரையில் நகர்ந்துதான் போவேன். நெய்வேலியில் அப்பாவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து நாங்கள் குடிவந்தபோது எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் சுவிட்ச் போர்டு. நிற்பவர்களின் தோள் உயரத்தில், மரப்பலகையில், கறுப்பாக இருந்தது.

மாலையில் அப்பா மைன்ஸில் செகண்ட் ஷிஃப்டில் இருப்பார். அம்மா கடைக்கும், தம்பி கிரவுண்டுக்கும் போய்விட்டால் அவர்கள் வரும்வரை நான் இருட்டில்தான். பி.யு.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம் அது. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

குச்சியால் முயன்று பார்த்தேன். கீழேயிருந்து நெம்பினால் விளக்கு அணையும். போட வேண்டுமென்றால் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும், அது வரவில்லை. ஒருநாள் குடையின் வளைந்த பிடியை மாட்டி இழுத்ததில் சுவிட்சின் மூடி உடைந்து உள்ளே இருந்த கம்பி தெரிந்தது. அம்மா குடையைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டாள்.

"நாங்க இருக்கோமில்ல? கூப்பிட்டா வந்து போட மாட்டமா?"

"யாரையும் கூப்பிடாம நானே போடணும்மா."

மறுநாள் காலை அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து சுவிட்சைக் கீழே இறக்கிவைக்கக் கேட்டு மெயின்டனன்ஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் என்னைப் பார்க்காமல் அப்பாவிடமே பேசினார்.

"குவார்ட்டர்ஸ்ல வயரிங்க மாத்த ரூல் இல்லைங்க. பொண்ணுக்கு ஷாக் அடிச்சா யார் பொறுப்பு?"

"நின்னு போடறவங்களுக்கு ஷாக் அடிச்சா யார் பொறுப்பு சார்?" என்று தரையிலிருந்து கேட்டேன்.

அப்போதுதான் குனிந்து பார்த்தார். "நாளைக்கு நீங்க காலி பண்ணிட்டுப் போனா, அடுத்து வர்றவங்க என்னம்மா பண்ணுவாங்க?"

"குனிவாங்க சார். அவங்களால குனிய முடியும். என்னால எழுந்திரிக்க முடியாது."

அவர் மேஜைமேல் இருந்த ஃபைலைத் திறந்துகொண்டார். அப்பா கெஞ்சுகிற குரலில், "வாம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நான் வாசற்படி ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். மதியம் ஆனதும் அப்பாவுக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஆபீசுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரோ டீ வாங்கித் தந்தார்கள், குடித்தேன். பரிதாபத்துக்குத் தந்ததென்று தெரியும். இருந்தாலும் நகரவில்லை.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய அதிகாரி என்னைப் பார்த்ததும் நின்றார். "ஹால்ல மட்டும்" என்றார்.

"சமையல்கட்டுலயும் வேணும். பாத்ரூம்லயும்."

"சமையல்கட்டு சரி. பாத்ரூம் ஈரம்மா. அது முடியாது."

அந்த வாரமே எலக்ட்ரீஷியன் வந்தார். எந்த உயரத்தில் வைப்பதென்று அம்மாவிடம் கேட்டார். நான் சுவரோரம் உட்கார்ந்து, வலிக்காத அளவுக்குக் கையைத் தூக்கிச் சுவரில் வைத்தேன். என் விரல் நுனியில் பென்சிலால் கோடு போட்டார். அந்த வீட்டில் எதையும் யாரும் என்னை வைத்து அளந்ததில்லை.

தம்பி குனிந்து குனிந்து முதுகு வலிக்கிறதென்று முணுமுணுத்தான். வலிக்கட்டும் என்றேன். சில நாள் கழித்து எல்லோரும் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போனபோது நான் வீட்டிலேயே இருந்துகொண்டேன். இருட்டியதும் விளக்கைப் போட்டேன். அணைத்தேன். மறுபடி போட்டேன். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியே கேட்டார்:

"என்னம்மா, ஃப்யூஸ் போயிடுச்சா?"

"இல்லைங்க, நான்தான் போட்டுப் போட்டு அணைக்கிறேன்."

அடுத்த திங்கட்கிழமை பாத்ரூம் சுவிட்சுக்காக மறுபடியும் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தேன். ஈரம் படாதபடி வெளிச்சுவரில் வைத்துக்கொடுத்தார்கள்.