ஏழாம் மரத்துக் கல்பாசி

ஓரின் டாக்கெட் இருபது வருடம் மரம் வெட்டினார். அந்தப் பாவத்தைக் கழிக்கவோ என்னவோ, அடுத்த இருபது வருடம் மரம் ஏறினார். ஓரிகன் காட்டு ஆராய்ச்சி நிலையத்தில், இருநூறடி உயரத்துக் கிளைகளில் படர்ந்த கல்பாசியைக் கவனிப்பது உத்தியோகம். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து, உதிர்ந்து மக்கி, காட்டுக்கே சோறு போடும் ஜீவன் அது. ஆனால் மகா சுகவாசி. காய்ந்தால் தூங்கும், உறைந்தால் வேலைநிறுத்தம். ஈரம், இதம், நிழல் மூன்றும் கூடினால்தான் வேலையில் கை வைக்கும். சம்பளக்காரரான ஓரினுக்கு இதில் குற்றமாக ஒன்றும் படவில்லை.

மனைவி போனபின் அவருக்கு உறவென்று இருந்தது ஏழாம் மரத்தில் எண்ணிட்ட முப்பத்தாறு பாசிகள்தான். பிளாஸ்டிக் எண் அட்டைகளை அணில் கடித்துவிட, செம்புத் தகட்டில் எண் அடித்து ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் பூட்டினார், சாமிக்கு நகை பூட்டுவதுபோல.

பிறகு மூன்று கோடை காய்ந்தது. ஏழாம் மரத்துப் பாசிகள் ஓரம் கறுத்துச் சுருங்கின. குடுவையில் அடைத்து அளந்தால், பிடித்த தழைச்சத்து பாதிகூட இல்லை. வெப்பமே காரணமென்று விஞ்ஞானி இங்கிரிட் சோல்பெர்க் கட்டுரை எழுத உட்கார்ந்தார். ஓரினுக்கு மனம் கேட்கவில்லை. திருட்டுத்தனமாகத் தெளிப்பானோடு ஏறித் தண்ணீர் தெளித்தார்.

இலையுதிர்கால மழை வந்தது. காடெங்கும் பாசி விரிந்தது. ஏழாம் மரத்தில் உதிர்ந்தது. ஏறிப் பார்த்தார். அநேகமாக ஒவ்வொரு தகட்டுக்கும் கீழே மரப்பட்டை கோடு கிழித்ததுபோல வெறுமை. எண் இல்லாத பயல்கள் மட்டும் பக்கத்திலேயே கொழுகொழுவென்று.

ஒரு தகட்டைக் கொண்டுவந்து இங்கிரிட்டின் மேஜையில் வைத்தார்.

"வெயில் இல்ல டாக்டர். நான்தான்."

"என்ன உளர்றீங்க?"

"செம்புத் தண்ணி சொட்டியிருக்கு. நான் வேற ஒளிச்சு ஒளிச்சுத் தண்ணி ஊத்தி, விஷத்தக் கரைச்சு ஊட்டியிருக்கேன்."

இங்கிரிட் தகட்டைத் திருப்பிப் பார்த்தார். "கூரையில பாசி சாகணும்னு செம்புப் பட்டை அடிக்கிற ஊர்ல பொறந்த மனுஷன்! தோணவே இல்லையா?"

"எங்க வீட்டுக் கூரையில நானே அடிச்சிருக்கேன். இங்க… பார்க்க அழகா இருந்துச்சு."

"ஓரின்…"

"திரும்ப வருமா?"

"வரும். கை அகலம் ஆக இருபது வருஷம்."

ஓரினுக்கு அறுபத்து நாலு.

இங்கிரிட் கட்டுரையை அழித்துவிட்டு, 'காரணம்: செம்பு' என்று அடித்தார்.

"என் பேரப் போடுங்க."

"காரணத்துக்கு ஆள் பேர் போடற வழக்கம் இல்ல."

"செம்பு தானா மரம் ஏறல, டாக்டர்."

மறுநாள் கொட்டும் மழையில் ஏறினார். உயிரோடிருந்தவை நான்கு. அவற்றின் தகடுகளை முதலில் கழற்றினார். செத்த முப்பத்திரண்டின் மேல் மிச்சமிருந்த தகடுகளையும் கழற்றாமல் அவர் இறங்கவில்லை.