குலுக்கிய பாட்டிலும் குலுக்காத பாட்டிலும்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் எங்கள் பக்கத்து ரோடுகளில் எல்லாம் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்த வருஷம் அது. கல்லூரியை மூடிவிட்டதால், ரசாயனம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த நான் கள்ளக்குறிச்சியில் வீட்டோடு இருந்தேன். வீட்டோடு என்பது ஒரு பேச்சுக்குத்தான். கச்சிராயபாளையம் ரோட்டில் அண்ணனின் லாரி நிற்கும் மெக்கானிக் கொட்டகையில்தான் பாதி நாள் கழியும். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு அண்ணனே பதில் சொல்லிவிடுவான்: "அது கேள்வி கேக்கறதுக்கு வருது. பதில் சொல்ல முடிஞ்சா சொல்லுங்க, முடியலனா டீ சொல்லுங்க."

அந்தக் கொட்டகையில் ஒரு மாதமாக ஒரே சண்டை. டீசலில் மருந்து ஊற்றலாமா, கூடாதா? ஆரம்பித்து வைத்தவள் நான்தான். கடலூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டீசலில் கலக்கும் மருந்து என்று ஒரு பாட்டில் கிடைத்தது. லேபிளில் ஆங்கிலத்தில் இருந்ததை டிரைவர்களுக்கு நானே தமிழில் படித்துச் சொன்னேன்: இழுவை கூடும், புகை குறையும், டீசலில் தண்ணீர் இருந்தால் மறைந்துவிடும். இரண்டு டிரைவர்கள் என் பேச்சைக் கேட்டு ஆளுக்கொரு பாட்டில் வாங்கியும் விட்டார்கள். அண்ணன் மட்டும் மசியவில்லை. "எனக்கே ஒடம்புக்கு முடியலனாதான் மருந்து. நல்லா ஓடுற வண்டிக்கு இன்னாத்துக்கு டானிக்கு?" என்பான். கொட்டகையில் என்னை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அதிலிருந்து அந்த மருந்துக்குப் பெயரே 'பாப்பா டானிக்கு' என்று ஆகிவிட்டது.

சாலை மறியலை நடுவில் ஒரே ஒரு நாள் நிறுத்தி, சாய்த்த மரங்களை ஓரம் தள்ளி வழி விட்டார்கள். அன்று விடிந்ததும் கொட்டகைக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். வெள்ளிமலைக்குப் பக்கத்திலிருந்து நடந்தே இறங்கி வந்திருந்தார்கள். வியாபாரி லாரி அனுப்புவதாகச் சொன்னதை நம்பி மூன்று குடும்பத்து மரவள்ளியையும் பிடுங்கிவிட்டார்களாம். லாரி வரவில்லை.

"புடுங்கி ரெண்டு நாளு ஆச்சுங்க," என்றார் அந்த அக்கா. "இன்னிக்கி ஏத்தலனா கொட்டறதுதாங்க."

மரவள்ளி தெரிந்தவர்களுக்கு இது புரியும். மண்ணை விட்டு எடுத்து மூன்று நாள் தாண்டினால் கிழங்குக்குள் நீலக் கோடு ஓடிவிடும், ஜவ்வரிசி ஆலையில் வாங்க மாட்டார்கள். பத்து மாத வெள்ளாமை அது. மறுநாள் மறுபடியும் மறியல். அண்ணன் லாரிச் சாவியை எடுத்தான்.

பெட்ரோல் பங்குகளில் டீசல் வந்தே பல நாள் ஆகியிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் பேரலில் பிடித்து வைத்திருந்ததை டேங்க் நிறைய ஊற்றிக்கொண்டு கிளம்பினான். இரண்டு பர்லாங் கூடப் போயிருக்க மாட்டான், வண்டி திக்கித் திக்கி வெள்ளைப் புகை விட்டு நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தோம். மெக்கானிக் ஃபில்டரின் அடித் திருகைக் கழற்றினார். டீசலுக்கு முன்னால் தண்ணீர் சொட்டியது. பேரலின் மூடி சரியாக இறுகவில்லை. போன வாரம் பெய்த மழை உள்ளே இறங்கியிருந்தது.

"மொத்தத்தையும் எறக்கணும்," என்றார் மெக்கானிக். "எறக்கிட்டு வேற டீசலுக்கு எங்க போவ?"

 அண்ணன் என் பக்கம் திரும்பினான். "எங்க உன் டானிக்கு? தண்ணிய மறைய வச்சிடும்னியே, எடுத்துக்கினு வா."

சைக்கிளில் பறந்தேன். பொய் சொல்வானேன், அந்தக் கிழங்கை விட என் பாட்டில்தான் மனசில் இருந்தது. ஒரு மாதம் கிண்டல் செய்தவர்கள் எல்லாம் இப்போது அதற்காகக் காத்திருக்கிறார்களே! நேராக டேங்கில் ஊற்றியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். எனக்கோ எல்லோர் கண்ணுக்கும் எதிரில் வித்தை காட்டியாக வேண்டும். டீக்கடையில் இரண்டு காலி சர்பத் பாட்டில் வாங்கி, இரண்டிலும் டேங்கின் அடியிலிருந்து டீசல் பிடித்தேன். ஒன்றில் மட்டும் ஒரு மூடி மருந்தை விட்டுக் குலுக்கினேன். இன்னொன்றைச் சும்மா வைத்தேன். கல்லூரி ஆய்வகத்தில் அப்படித்தான் பழக்கம்.

குலுக்கிய பாட்டிலில் தண்ணீரைக் காணோம்! "அட, மெய்தான்டா!" என்று ஒருவர் கையே தட்டிவிட்டார். மெக்கானிக் டேங்க் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, டீயைக் குடித்ததும் ஊற்றலாம் என்றார்.

நான் இன்னும் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் போய்விட்டது என்றால் டீசல் பளிச்சென்று இருக்க வேண்டாமா? அது மோர் மாதிரி கலங்கி நின்றது. டீ வந்தது, குடித்தும் ஆயிற்று. தெளியவே இல்லை. சும்மா வைத்த பாட்டிலில் அதற்குள் மேலே டீசல், கீழே இரண்டு விரல் தண்ணீர், நடுவில் அடிக்கோல் வைத்துப் போட்டது போல ஒரு கோடு.

பரீட்சையில் பால்மம் என்றால் என்ன என்று ஒரு பக்கம் எழுதியவள் நான். அது கண்ணெதிரே நிற்கும்போது அடையாளம் தெரிய இவ்வளவு நேரம் ஆயிற்று. மறையும் என்றால் போய்விடும் என்று நானாக அர்த்தம் செய்துகொண்டேன். அது போகவில்லை, பொடிப்பொடியாகி டீசலுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. தானாக அடியில் தங்கிய தண்ணீரை, ஃபில்டரைத் தாண்டிப் பம்பு வரைக்கும் நானே அனுப்பி வைக்கப் பார்த்தேன். லோடோடு இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் இஞ்சின் நின்றால், காற்றால் பிடிக்கும் லாரி பிரேக்குக்கு அந்தக் காற்றும் ஏறாது.

"ஊத்தாதீங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன்.

பாட்டில் வாங்கியிருந்த டிரைவர் ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இன்னா பாப்பா இது? ஒரு மாசமா ஊத்து ஊத்துன்னவளும் நீதான், இப்ப ஊத்தாதன்றவளும் நீதான். நாங்க எந்தப் பாப்பாவ நம்பறது?"

"பாட்டில பாத்த பாப்பாவ நம்புங்கண்ணே. முன்ன சொன்னவ லேபிளத்தான் பாத்தா."

சிரித்துவிட்டார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனாலும் விடவில்லை. டீ குடிக்கிற நேரத்தில் தானாகப் பிரிகிற தண்ணீருக்கு மருந்து எதற்கு? இதில் சேர்க்க ஒன்றுமில்லை, எடுக்கத்தான் வேண்டும். டேங்கில் இருப்பதை இறக்குவோம், அசையாமல் வைப்போம், மேலே இருப்பதை மட்டும் டியூப் போட்டு எடுப்போம். ஒரு மணி நேரம் கொடுங்கள் என்றேன். அண்ணன் அந்த அக்காவைப் பார்த்தான். அவர் வெயிலைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

தெருவில் இருந்த பிளாஸ்டிக் குடங்கள் எல்லாம் கொட்டகைக்கு வந்துவிட்டன. "இந்தக் கொடத்துல இனிமே வூட்டுக்கு எப்பிடித் தண்ணி புடிக்கறது? ஒங்கண்ணன் வந்து குடிப்பானா?" என்று திட்டிக்கொண்டேதான் கொடுத்தார்கள். இறக்கிய டீசல் குடங்களில் தெளிய, நான் ஒவ்வொன்றிலும் அடியில் நான்கு விரல் விட்டு மேலே இருந்ததை டியூபில் இழுத்தேன். வாயெல்லாம் டீசல். ஒவ்வொரு குடத்துக்கும் சர்பத் பாட்டிலில் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, மெக்கானிக் சரி என்ற பிறகுதான் டேங்குக்கு. அவர் ஃபில்டரை மாற்றி, டீசல் குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றினார். அண்ணன் செல்ஃப் ஸ்டார்ட்டரை அடித்தான். இரண்டு இருமல் இருமி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

நானும் ஏறிக்கொண்டேன். என் வார்த்தையை நம்பிப் போகிற வண்டியை நான் மட்டும் கீழே நின்று டாட்டா காட்டி அனுப்புவதா? கேபினில் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அந்த அக்கா. ஏற்றம் முழுக்க நான் மலையைப் பார்க்கவே இல்லை, இஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் கியரைக் குறைக்கும்போது எனக்கு மூச்சு நிற்கும். வண்டி நிற்கவில்லை. மேலே மூன்று குடும்பமும் சேர்ந்து லோடு ஏற்றினார்கள், நானும் கூடை பிடித்தேன். லோடோடு இறங்கியபோதும் ஒரு திக்கல் கிடையாது.

வெளிச்சம் இருக்கும்போதே சின்னசேலம் பக்கத்து ஆலைக்குப் போய்விட்டோம். ஆலைக்காரர் கையை நீட்டுவதற்குள் அந்த அக்கா ஒரு கிழங்கை எடுத்துத் தானே ஒடித்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆலைக்காரர் அண்ணனைப் பார்த்து, மறியல் நடக்கிற சமயத்தில் டீசலுக்கு என்ன செய்தாய் என்று விசாரித்தார். அண்ணன் வாயைத் திறக்கும் முன் அந்த அக்கா என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணக் கேளுங்க. அதுதான் வண்டிய ஏத்துச்சி."

மறுநாள் அந்த இரண்டு டிரைவர்களின் வீட்டுக்கும் போய், தண்ணீர் விஷயத்தில் நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருவர் திட்டினார், ஒருவர் மோர் கொடுத்தார். லேபிளில் இருந்த மற்ற இரண்டும் மெய்யா பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரியாததைச் சொல்வதையும் விட்டுவிட்டேன். பரீட்சைகளில் சரியான விடை எழுதி எத்தனையோ மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால், பத்துப் பேருக்கு எதிரில் என் தப்பான விடையை நானே அடித்துவிட்டு, ஒரு மலைக்காட்டு அக்காவிடம் வாங்கிய அந்த மார்க்கைத்தான் இன்றும் எண்ணி எண்ணிப் பெருமைப்படுகிறேன்.