பகலில் தானாக நிரம்பும் தொட்டி

வாடகை வீட்டில் ரொய்லெட் ஒழுகினால், யன்னலைச் சாத்திவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் குழாய்க்காரனைக் கூப்பிடுவார்கள். வாடகைக்கு இருக்கிற உங்களுக்கு இது புதிதில்லை. எனக்கு இரவில் பாண் பேக்கரியில் வேலை. பகலில் நித்திரை வராது. வீடியோ பார்த்துப் பழகிய குழாய் வேலையோடு அலைந்து திரிவேன். இவை லண்டன் செவன் கிங்ஸில் ஒரு மேல்மாடி வீட்டில் நடந்தவை.

சத்தம்

கூப்பிட்டவள் ராணி, மன்னார்ப் பிள்ளை. அவளும் புருசனும் பகல் முழுக்க வேலையில். ஆனால் பகலில் மேலே ரொய்லெட் தொட்டி நிரம்புகிற சத்தம் கேட்கிறது, யார் நிற்கிறது என்று கீழே குடியிருக்கும் ஓனர் விசாரிக்கத் தொடங்கிவிட்டாராம்.

"தொட்டி கசிந்தால் தானாகத்தான் நிரம்பும். அதை ஓனரிட்டச் சொல்லுங்கோவன்" என்றேன். அவள் அறைக்கதவைத் திறந்தாள். கட்டிலில் அவளுடைய அப்பா, சேட்டுப் பொத்தானெல்லாம் பூட்டியபடி அசையாமல் இருந்தார். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பேர்தான். மூன்றாவது ஆள் தெரிந்தால் மூன்று பேரும் தெருவில்.

"ஓனர் ஏறி வந்து பாக்கமுதல் திருத்திப் போடுங்கோ அண்ணை. இவரை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

மூடி

தொட்டி மூடியைத் தூக்கியபோது கை வழுக்கி, விளிம்பில் டங்கென்று இடித்தது. கீழே டிவிச் சத்தம் நின்றது. ராணி சுவரோடு சாய்ந்துவிட்டாள். நான் மூடியைக் கையில் ஏந்தியபடி நின்றேன்; கீழே வைக்கவும் பயம், பிடித்திருக்கவும் பயம். படியில் காலடி கேட்கிறதா என்று காத்திருந்தோம். கடைசியில் டிவி மறுபடி பேசத் தொடங்கியது. எழும்பி வந்து ரொய்லெட் வாசலில் நின்ற பெரியவர் என் காதுக்குள் சொன்னார்:

"தம்பி, மூச்சையும் கொஞ்சம் மெல்லமா விடும்."

கேசரிப் பவுடர்

தொட்டியில் கலர் கரைத்து, ஃப்ளஷ் பண்ணாமல் அரைமணி விட்டால், அந்தக் கலர் கொமட்டுக்குள் இறங்குகிறதா என்று பார்க்கலாம். இறங்கினால் அடியிலிருக்கும் ரப்பர் போய்விட்டதென்று அர்த்தம். ராணி குசினியிலிருந்து சிவப்புக் கேசரிப் பவுடர் தந்தாள். கரைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தால் பெரியவர் ரொய்லெட்டால் வெளியே வருகிறார். உள்ளே கொமட்டில் நல்ல செக்கச்சிவப்பு. மனுசன் ரத்தமென்று நினைத்து நெஞ்சைப் பிடிக்கப் போகிறாரே என்று ஓடினேன். "ஐயா, பயப்படாதேங்கோ, அது கேசரிக் கலர்!"

"நான் பயப்படேல்லைத் தம்பி. போன கிழமை முழுக்க எனக்குச் சலம் சிவப்பாத்தான் போனது."

முன்கதவு

ராணி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். மூத்திரத்தில் ரத்தம் போனதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். டொக்டரிடம் பதிந்தால் தன் பேரில் கடிதம் வரும், கடிதமெல்லாம் கீழேதான் விழுகிறது, ஓனர்தான் பொறுக்கி வைக்கிறார் என்றார் பெரியவர்.

"ஓனர் கடைக்குப் போகட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று குசுகுசுத்தேன். ராணி அப்பாவின் குளிர்க்கோட்டை எடுத்தாள். அன்று முதல் முறையாக அவளுடைய முழுக்குரலும் கேட்டது:

"பொறுக்க ஏலாது அண்ணை. அப்பா, எழும்புங்கோ, முன்கதவாலதான் போறம். அவர் பாத்தாப் பாக்கட்டும்!"

இப்போதெல்லாம் கலர் கரைக்கமுதல் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறேன்; லண்டனில் அதற்கு உண்மை சொல்கிற ஒருவரை இன்னும் சந்திக்கவில்லை.