பின் சீட்டில் உட்காருவது யார்

செஞ்சியில் திண்டிவனம் சாலையோரம் தகரக் கொட்டகை போட்டிருந்த அன்வர் பாஷாவைக் கைதேர்ந்த மெக்கானிக் என்று சொல்லிவிட முடியாது. அவர் வைத்த வெல்டிங் ஆறிப்போன களிபோல மேடும் பள்ளமுமாக இருக்கும். எஞ்சின் வேலை அரைகுறைதான். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலை என்றால் அவலூர்பேட்டையிலிருந்துகூட அவரைத் தேடி வந்தார்கள்.

வண்டிக்கு என்ன கோளாறு என்று அவர் முதலில் கேட்கமாட்டார். பின் சீட்டில் யார் உட்காருவார்கள், எத்தனை பேர், ஆள் கனமா ஒல்லியா என்று கேட்பார்.

"இன்னா பாய், பொண்ணு பாக்க வந்தவனாட்டம் குடும்பத்தயே விசாரிக்கிற?" என்று லாரிக்காரர்கள் கேலி செய்வார்கள்.

யுத்தகாலத்தில் பர்மா எல்லையில் ராணுவ ஆம்புலன்ஸ்களுக்கு, அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் பட்டை மாற்றிய மனிதர் அவர். பின்னால் கிடப்பவனுக்குத் தோதாகப் பட்டை அமையாவிட்டால் என்ன ஆகும் என்று அங்கே பார்த்திருந்தார். பார்த்ததை மனைவி மெஹர் பானுவிடம்கூடச் சொன்னதில்லை. கேள்வி மட்டும் மிஞ்சியது.

1966 ஆவணியில், பொழுது சாய்ந்தால் சாப்பிடாத சமண நைனார் குடும்பத்து வேர்க்கடலை வியாபாரி சம்பவநாதன் தன் பழைய கறுப்புக் காரைக் கொண்டுவந்தார். பள்ளத்தில் இறங்கினால் பின்னால் 'டக்'கென்று இடிக்கிறது என்றார். அன்வர் பாஷா அடியில் படுத்துப் பார்த்தார். பின்சக்கரத்துப் பட்டைக்கட்டை வண்டியின் அடிச்சட்டமான சேஸில் மாட்டும் இடம் துருவேறி உதிர்ந்திருந்தது. போல்டு நுழையும் துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டிருந்தது.

"பின்னால யாரு நைனாரே உக்கார்றது?"

சம்பவநாதன் கொஞ்சம் தயங்கினார். "யாரு உக்கார்றாங்க? மல்லாட்டை மூட்டைதான்."

அது பொய். பின் சீட்டில் மாதம் ஒருமுறை உட்கார்ந்தவள் அவர் மனைவி நீலாஞ்சனா. அவளுக்கு முதுகெலும்பில் காசநோய். மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு. அதோடு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். நோயின் பெயர் வெளியே தெரிந்தால் தன் தங்கைக்கு வரன் அமையாது என்று சம்பவநாதன் பயந்தார்.

அன்வர் பாஷா உதிர்ந்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டு, உடைந்த லாரிச் சேஸிலிருந்து ஒரு துண்டு அறுத்து வைத்து வெல்டு செய்தார். புதுத் துளை போட்டு, போல்டைச் சுற்றி நிற்கும் ரப்பர் புஷ்ஷையும் புதிதாக வைத்தார். மூட்டைக்கு என்பதால் இரண்டு பட்டைகள் கூடச் சேர்த்தார். பிறகு தன் வழக்கப்படி நான்கு மூட்டைகளைப் பின்னால் ஏற்றிவைத்து, அந்தப் பாரத்தோடே கடைசியாக போல்டை முறுக்கினார். சக்கரம் தொங்கும்போது முறுக்கிய புஷ், பாரம் ஏறியதும் முறுகிக்கொண்டு நிற்கும் என்பது அவர் அனுபவம்.

சத்தம் நின்றது. ஆனால் மூட்டைக்காக விறைப்பாக்கிய வண்டி, ஒல்லியான ஒருத்தியைச் சுமந்தபோது இம்மிகூட வளைந்து கொடுக்கவில்லை. வழியிலிருந்த ஒவ்வொரு பள்ளமும் நேராக அவள் முதுகுக்குப் போனது. வீடு திரும்பியதும் நீலாஞ்சனா சொன்னாள்: "இனிமே நான் வரல. விட்டுடுங்க."

சிகிச்சையை விட்டால் கால்கள் செயலற்றுப் போகலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அடுத்த முறை போகவேண்டிய வியாழக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது சம்பவநாதன் மறுபடி கொட்டகைக்கு வந்தார்.

"வண்டி கல்லாட்டம் ஆயிடுச்சு பாய்."

"மூட்டை ஏத்தினா சரியாப் போவும்."

சொல்லிக்கொண்டே அன்வர் பாஷா பின்கதவைத் திறந்தார். சீட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தது. அதன் ஒரு மூலை சுருட்டப்பட்டு, பல் பதிந்து நைந்திருந்தது. அதை எடுத்து அந்த மூலையைப் பிரித்துப் பார்த்தார்.

"மூட்டை துண்ட கடிக்குமா நைனாரே?"

சம்பவநாதன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"ஊருக்குச் சொல்ல வேணாம். வண்டிக்குச் சொல்லணுமா இல்லியா?" என்றார் அன்வர் பாஷா. கோபப்பட நியாயம் இருந்தது. ஆனால் அவருக்குப் பொய்யைவிடத் தன்மீதுதான் வருத்தம். கேட்பதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார். பதிலைச் சரிபார்க்கவில்லை.

கூடச் சேர்த்த பட்டைகளைக் கழற்றினார். பழையதிலும் ஒன்றை எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு இடையில் கிரீஸ் தடவினார். போல்டை மட்டும் முழுக்க முறுக்காமல், வண்டியை மெதுவாக வீட்டுக்கு ஓட்டிப் போகச் சொன்னார். மறுநாள் காலை சம்பவநாதன் வீட்டுப் பின்கட்டுக்கு ஸ்பேனரோடு போனார்.

நீலாஞ்சனா சுவரைப் பிடித்தபடி வந்து சீட்டில் உட்கார்ந்தாள். அன்வர் பாஷா வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

"உக்காந்துட்டீங்களாம்மா?"

"உக்காந்து எவ்ளோ நேரமாச்சு! கோழி உக்காந்த மாதிரி இருக்குதா பாய்?"

"கோழிக்கும் பட்டை அசையும்மா. அப்படியே இருங்க."

"நாலு மூட்டைக்குப் பதிலு நானு. இவரு வியாபாரம் நஷ்டத்துலதான் போவுது."

பக்கத்தில் நின்ற சம்பவநாதன் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அடியில் ஸ்பேனர் மெதுவாகத் திரும்பியது.

பிறகு சிங்கவரம் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். சம்பவநாதன் ஓட்ட, அன்வர் பாஷா முன்னால் உட்கார்ந்தார். நீலாஞ்சனா துண்டைச் சுருட்டி வாயருகே தயாராக வைத்திருந்தாள். மதகுக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. பின்னாலிருந்து சத்தமே இல்லை. இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்க்கப் பயந்தார்கள்.

"வண்டிய திருப்புங்க," என்றாள்.

"வலிக்குதா?"

"வலி இருக்குது. அந்தப் பள்ளத்துலயே இன்னொரு தபா விடுங்க. நம்பலாமான்னு பாக்கணும்."

மூன்று தடவை விட்டார்கள். மூன்றாம் தடவை துண்டு மடியில் கிடந்தது.

"வியாழக்கிழமை விடியறதுக்குள்ள கிளம்பிடணும்," என்றாள் கணவனிடம். "போன தபா வர்றதுக்குள்ள இருட்டிடுச்சு, சாப்பாடே இல்லாம படுத்தேன். இந்தத் தபா பொழுது இருக்கறப்பவே வந்து சாப்பிடணும்."

 கொட்டகை வந்ததும் அன்வர் பாஷா இறங்கி, மறுபடி வண்டிக்கு அடியில் படுத்து, வெல்டு வைத்த இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.