நாலாவது கட்டம்

வவுனியாவில் ஒரு விடுதி மண்டபத்தில் ஆசிரியர்களான எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. எதிர்காலம் எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே மாணவர்களுக்கு நாலு விதமான எதிர்காலத்தை எழுதப் பழக்குங்கள் என்றார்கள். ஒரு தாளை நாலு கட்டமாகப் பிரிக்க வேண்டும். நல்ல காலம், இப்போது போலவே போகும் காலம், கெட்ட காலம், மிகவும் கெட்ட காலம். ஒவ்வொன்றிலும் வீட்டில் யார் என்ன செய்வார்கள் என்று எழுத வேண்டும். மிகவும் கெட்ட காலம் என்றால் என்னவென்று போரைப் பார்த்து வந்த வன்னி ஆட்களுக்கு மதியச் சோறும் தந்து விளக்கினார்கள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. ஆனாலும் கண்டாவளைக்குத் திரும்பியதும் என் உயர்தரப் புவியியல் வகுப்பில் அதையே செய்தேன்.

நாலாவது கட்டத்துக்கு எல்லோரும் வெள்ளத்தையே எடுத்தார்கள். குளத்தின் கதவுகளைத் திறந்தால் தண்ணீர் எந்த ஒழுங்கையால் வரும் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் போட்ட பொலித்தீன் பை வீட்டுக்கு வீடு கதவடியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருவோம் என்று வகுப்பே எழுதியது. முன்வாங்கில் இருந்த ஒருத்தி மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘அப்பா வரமாட்டார்.’

“ஏன் வரமாட்டார்?” என்று கேட்டேன். அவள் அந்த வரியைக் கையால் மறைத்தாள்.

“வெள்ளம் வந்தா ஆர் பிள்ளை வீட்டில நிப்பினம்? அப்பா என்ன மீனோ?”

வகுப்பு சிரித்தது. சிவப்புப் பேனையால் அந்த வரியை வெட்டி, ‘நம்பும்படி எழுதவும்’ என்று பக்கத்தில் எழுதினேன். அவள் புதுத் தாளில் ‘நால்வரும் பள்ளிக்கூடம் போவோம்’ என்று எழுதித் தந்தாள். சரி போட்டுக் கொடுத்தேன்.

அந்த மார்கழி விடுமுறையில் தண்ணீர் வந்தது. காலை எட்டு மணிக்கே பள்ளிக்கூடம் நிரம்பிவிட்டது. வாசலில் நின்று பெயர் பதிந்துகொண்டிருந்த என்னிடம் அவளும் தாயும் தங்கச்சியும் நனைந்தபடி வந்தார்கள். தாயின் கையில் அந்தப் பை இருந்தது. “அப்பா எங்க?” என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். தாய்தான் சொன்னார்.

“கையப் புடிச்சு இழுத்தோம் டீச்சர், வரல. சண்டையில எல்லாருமா ஓடிட்டுத் திரும்பி வந்தப்ப, பாதிக் காணிக்கு வேற ஆளு வேலி போட்டிருந்தாங்க. நம்மகிட்ட பேப்பர் இல்ல. ஒருத்தராச்சும் நிக்கணும்னு சொல்லிட்டாரு.”

மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தபோது அவரை எல்லை வேலியில் கண்டார்கள். இடுப்பில் கட்டிய சாரம் முள்ளுக்கம்பியில் சிக்கியிருந்தது.

அந்தக் குடும்பத்தார் மலையகத்திலிருந்து வந்தவர்கள், கூலி வேலை செய்து அந்தக் காணியைத் திருத்தினவர்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரத்துக்கு வந்தபோது அரசாங்கம் வயலைப் பத்திரத்தோடு கொடுத்தது. நாங்களும்தான் எல்லாவற்றையும் விட்டு ஓடினோம். திரும்பி வந்து பத்திரத்தைக் காட்டினோம், காணி கிடைத்தது. அதனால் காணியை விட்டு வர ஒருவர் ஏன் பயப்படுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பிள்ளை எழுதிக் காட்டியும் தோன்றவில்லை. அன்றைக்குச் சிரிக்க வைக்காமல் தனியே கூப்பிட்டுக் கேட்டிருந்தால், கிராம சேவையாளரையாவது அவரிடம் அனுப்பி, காணி பறிபோகாது என்று கதைக்க வைத்திருக்கலாம். அதை நினைக்கும்போதெல்லாம் வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

காரியம் முடிந்து, புதுத் தவணையில் அவள் வகுப்புக்கு வந்தாள். பயிற்சி எப்படிப் போகிறது என்று பார்க்க வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வருவதாகக் கடிதம் வந்ததால் மறுபடி தாள் கொடுத்தேன். அவளுக்கு மட்டும் வேண்டாம் என்றேன்.

“இல்ல ரீச்சர், தாங்கோ” என்று கையை நீட்டினாள்.

நாலாவது கட்டத்தில் எழுதியிருந்தாள்: ‘அம்மாவும் தங்கச்சியும் பள்ளிக்கூடம் போவார்கள். நான் காணியில் நிற்பேன்.’

“ஐயோ பிள்ளை, இப்பிடி எழுதாத. மாத்தி எழுது” என்று கெஞ்சினேன்.

“ஓராளாவது நிக்கோணும் ரீச்சர். பேப்பர் இன்னும் வரேல்ல.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நம்பும்படிதான் எழுதியிருந்தாள்.