பாலத்துக்கு அளவாக நின்றவள்

எங்கள் தெருவுக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி போகும் ஓடைப் பாலத்தின் பக்கத்தில், இப்போது இன்னொரு பாதைக்காகத் தூண் எழுப்புகிறார்கள். வாரம் ஒருநாள் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் பிள்ளை வருகிறாள். சிவப்பும் வெள்ளையும் பூசிய ஒரு கோலைத் தூணோடு நிறுத்திவைத்து, போன வாரம் நின்ற அதே கல்லின் மேல் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறாள். கோல் எதற்கென்று கேட்டேன். “படத்துல உயரம் தெரியணும் இல்லீங்களா பாட்டி” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோல் நான்தான். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் இந்தத் திருத்தணியில் ரயில் பாலத்துக்கு அளவாக நின்றவள் வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

நைனா ரயில் பாதையைச் சரிபார்க்கிற கேங்மேன். எனக்கு ஏழு வயதிருக்கும்போது, ஓடைப் பாலத்தின் நடுத் தூணில் ஒரு விரிசல் அடியிலிருந்து மேலே ஏறுவதைப் பார்த்துவிட்டார். பாதைக்குப் பொறுப்பான ரயில்வே இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். அவர் வந்து பார்த்து, “இது வெள்ளக்காரன் காலத்துலருந்து இருக்குதுப்பா. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். நைனா விரிசலின் முனையில் கரியால் கோடு போட்டார். மழை கழுவிவிட்டது. சாப்பிடும்போது கூட்ஸ் சத்தம் கேட்டால் அவர் கை சோற்றிலேயே நின்றுவிடும். கடைசிப் பெட்டி பாலத்தைத் தாண்டிய பிறகுதான் அடுத்த வாய்.

அம்மாவின் தம்பிக்கு மலையடிவாரத்தில் போட்டோ ஸ்டூடியோவில் வேலை. மொட்டையடித்த குழந்தைகளையும் காவடி எடுத்தவர்களையும் படம் பிடிப்பவர். “வாயால சொன்னா நம்பமாட்டான் பாவா. படம் புடிச்சி மூஞ்சிக்கு நேரா காட்டுவோம்” என்றார். வெறும் தூணைப் பிடித்தால் அது எத்தனை உயரம் என்று யாருக்குத் தெரியும், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும் என்றார். ஆடிக்கிருத்திகைக்குத் தைத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். விரிசலின் முனை சரியாக என் புருவத்துக்கு நேராக இருந்தது. மாமா கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, “சிரிக்காத! தூண் மாதிரி நில்லு!” என்று அதட்டினார்.

மழைக்காலம் போய்ச் சித்திரை வந்ததும் மறுபடி படம். தொழில் தெரிந்த மாமா ரொம்பக் கண்டிப்பாக இருந்தார். “எல்லாம் அப்பிடியே இருக்கணும் பாவா. அப்பதான் எது மாறிச்சின்னு தெரியும்.” அதனால் அதே இடம், அதே வெயில், அதே பாவாடை, அதே இரட்டைப் பின்னல், அதே நான்.

இரண்டு படங்களையும் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். அதிலும் புருவம், இதிலும் புருவம். “ஒரு நூல்கூட ஏறலியேப்பா. இனிமே பாலம்னு வந்தே, வேற ஊருக்கு மாத்திடுவேன்” என்று அனுப்பிவிட்டார்.

நைனா வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தினமும் தொட்டுப் பார்த்த விரிசலையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். “என் கண்ணுதான் அவிஞ்சிபோச்சி போல” என்றார்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மா அப்போதுதான் படங்களைக் கையில் வாங்கினாள். அதுவரை எல்லோரும் விரிசலைத்தான் பார்த்தார்கள். அம்மா பாவாடையைப் பார்த்தாள். அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளின் பாவாடையை நீளமாகத் தைத்து, கீழே மடிப்புப் பிடித்து வைப்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து இறக்குவார்கள்.

“இன்னாங்க, இந்தப் படத்துல ரெண்டு மடிப்பு கீது. இதுல ஒண்ணுதான் கீது. பொங்கலுக்கு நான்தான ஒண்ணப் பிரிச்சி வுட்டேன்? மூணு விரலு வளந்துட்டா உன் பொண்ணு. இவ வளந்தும் விரிசலு புருவத்துலயே நிக்கிதுன்னா, அதுவும் கூடவே ஏறிகினு வருதுன்னுதான அர்த்தம்?”

மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். “எல்லாத்தையும் மாத்தாம வெச்சேன்கா. இந்தக் கழுதய மட்டும் வளராம வெக்கத் தெரியாம போச்சே!”

தப்பு என் மேல்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குத் தட்டைத் தள்ளிவிட்டேன். “இன்னாடி ஆச்சி உனக்கு?” என்றாள் அம்மா. “துன்னா வளந்துடுவேன்” என்றேன். ரொம்ப நாளைக்கப்புறம் நைனா சிரித்தது அப்போதுதான்.

காலையில் படங்களோடு பாவாடையையும் மடித்துப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். இன்ஸ்பெக்டர் முதலில் முகத்தைச் சுளித்தாராம். அவருக்கும் மூன்று பெண்கள். பாவாடையை மேசைமேல் விரித்து, மடிப்புப் பிரித்த இடத்தில் வெளுக்காமல் கிடந்த பட்டையை விரலால் அளந்து பார்த்துவிட்டு, எழுந்து பாலத்துக்குக் கிளம்பினாராம். அன்றைக்கே பாலத்தில் ஏணி வைத்தார்கள். கூட்ஸ் வண்டிகள் ஆள் நடக்கும் வேகத்தில் போயின. அடுத்த ஆடிக்குள் நடுத் தூணைச் சுற்றிக் கனமாகச் சிமெண்ட் போட்டு முடித்துவிட்டார்கள். “பாலத்துக்கும் பாவாடை கட்டிட்டாங்க” என்றாள் அம்மா. அந்தப் பாவாடையோடு அது இன்றைக்கும் கூட்ஸைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது.

வேலை முடிந்த மறுநாள் நைனா மாமாவை வரவழைத்து, என்னைத் திரும்பவும் தூணருகே நிறுத்தினார். விரிசலே இல்லை. “இப்ப இன்னாத்த நைனா அளக்கறீங்க?” என்று கேட்டேன். “ஒண்ணும் இல்ல. சும்மா நில்லு” என்றார்.

ஆபீசுக்குப் போகிற படம் என்று நினைத்துக்கொண்டு கழுத்தை நிமிர்த்தி, உதட்டை இறுக்கி நின்றேன். மாமா இந்தத் தடவை சிரிக்கச் சொல்லித்தான் பார்த்தார். ஏமாறுவேனா நான்?

அந்தப் படம் எந்த ஆபீசுக்கும் போகவில்லை. நைனா போன பிறகு அவருடைய தகரப் பெட்டியில், பென்ஷன் காகிதங்களுக்கு நடுவில் கிடைத்தது. தூண் ஓரமாகக் கொஞ்சம்தான் தெரிகிறது. மீதி முழுக்க நான்தான், விறைப்பாக.

சிரித்திருக்கலாம்.