மீன் ஹோன்

போன வருடம் நோன்புக்கு முந்திய மாதம், நுரைச்சோலையில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு என் மனைவியின் தம்பிக்குக் கற்பிட்டியில் நிக்காஹ். வாடகைக்கு ஒரு நல்ல கார் பிடிக்கலாம் என்று எல்லோரும் சொன்னபோது, “என்ட கார் இருக்கக்குள்ள வேற கார் எதுக்கு?” என்று மார்தட்டியவன் நான்தான்.

காலையில் காரைக் கழுவி முடித்து ஹோனை அழுத்தினால் சத்தமே இல்லை. கற்பிட்டி வீதியில் நடுவில் நிற்கும் கழுதைகள் ஹோன் அடித்தாலே யோசித்துத்தான் அசையும். அதுபோகட்டும், மாப்பிள்ளைக் கார் பெண் வீட்டு ஒழுங்கைக்குள் ஹோன் அடிக்காமல் நுழைந்தால் மச்சானின் மானம் என்னாவது?

நானோ வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். இதெல்லாம் ஒரு வேலையா என்று சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பியூஸ் சரி. ஹோனுக்கு வரும் வயரைக் கழற்றி, ஒரு சின்ன பல்பின் ஒரு முனையை அதிலும் மறு முனையைப் பற்றரியின் மைனஸ் முனையிலும் வைத்தேன். மாப்பிள்ளை மச்சான் காருக்குள் இருந்து ஹோனை அழுத்தியதும் பல்ப் பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது, அப்படியென்றால் ஹோன்தான் செத்துவிட்டது என்று முடிவுகட்டினேன். கடைக்கு ஓடிப்போய்ப் புது ஹோன் வாங்கி வந்து பூட்டினேன். அதுவும் ஊமை.

“வேற கார் பார்ப்பமா, மச்சான்?” என்று மாப்பிள்ளை பயந்து பயந்து கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, அன்று வழமையைவிடப் பிந்தி, மோட்டார் சைக்கிளில் மீன்காரத் தம்பி வந்தார். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு மறுபடி குட்டித் தூக்கம் போடுவது என் பழக்கம். அந்த நேரத்தில் ஹோன் அடிக்கிறார் என்று இரண்டு வாரத்துக்கு முன் அவரைக் கண்டபடி ஏசியிருந்தேன். அன்றிலிருந்து அவர் எங்கள் வாசலைச் சத்தமில்லாமல் கடந்து போவார். மீன் வண்டி போனதே தெரியாமல் என் மனைவி எனக்கு முட்டைக் கறியாகவே ஆக்கிப்போட்டாள்.

காணாதவன் போல் குனிந்துகொண்டேன். அவரோ சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

“என்ன நானா, ஹோனா?” என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கேட்டார்.

“ஓம்” என்றேன், தரையைப் பார்த்து.

ஒரு துண்டு வயரை எடுத்து, ஹோனின் உடம்பையும் பற்றரியின் மைனஸ் முனையையும் தொடுத்துப் பிடித்து, மச்சானை அடிக்கச் சொன்னார். ஹோன் அலறியது! ஹோனைக் காரோடு பூட்டியிருந்த பழைய ஆணியைக் கழற்றிக் காட்டினார். ஒரே துரு.

“உப்புக் காத்து, நானா. கரண்ட் வந்தாப் போதுமா? இந்த ஆணியால கார்ட உடம்புக்குத் திரும்பிப் போகவும் வேணுமே. எனக்கு மாசத்துக்கொருக்கா இந்த வேலதான். ஹோன் செத்தா என்ட யாவாரமும் செத்திடும்.”

பல்பின் மறு முனையை நேரே பற்றரியில் வைத்ததால் அந்த ஆணியை நான் சோதிக்கவே இல்லை. அதைவிட, இந்த மனிதரையா ஹோன் அடிக்காதே என்று சொன்னேன் என்று வெட்கமாகப் போய்விட்டது.

அவர் அரத்தாளால் துருவைத் தேய்த்து, கிரீஸ் பூசி, ஆணியை இறுக்கினார். மச்சான் சந்தோசத்தில் ஹோனை விடாமல் அடித்தார். எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண், பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர், எல்லோர் கையிலும் சட்டி. என் மனைவியும் சட்டியோடு குசினியிலிருந்து ஓடி வந்தாள். நான் வாங்கி வந்த ஹோனும் இந்தப் பக்கத்து மீன் வண்டிகளின் ஹோனும் ஒரே சத்தம்! வயிறு நோகச் சிரித்தோம்.

“தம்பி, அன்டைக்குக் கதைச்சத மனசுல வெச்சிக்காதீங்க. நாளையிலேந்து நம்மட வாசல்ல ஹோன் அடிங்க” என்றேன்.

“அப்ப உங்கட நித்திர?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அன்று மாலை பெண் வீட்டு ஒழுங்கையில் நான் ஹோன் அடித்தபோது, “மீன் வந்திட்டு போல” என்று உள்ளே யாரோ சொன்னது மாப்பிள்ளைக்கும் கேட்டது. இப்போதெல்லாம் காலையில் அந்தச் சத்தம் கேட்டதும் என் தூக்கம் கலையத்தான் செய்கிறது. ஆனால் அந்த மீன்காரத் தம்பி பிழைப்புக்காக அடித்த ஹோனை நான் நிறுத்தினேன், என் ஊமை ஹோனையோ அவரே வந்து அலற வைத்தார் என்ற நினைப்பில் சட்டியை எடுத்துக்கொண்டு முதலில் வாசலுக்குப் போகிறவன் நான்தான்.